புதுப்பிப்பு: அம்மாவுக்கு விரியும் கேஜ் வைத்தாயிற்று

மன்னார்குடியிலிருந்து கேட்டிருந்தேனே, கீழ்முதுகில் எல்4-எல்5 எலும்பு நழுவிய அம்மாவுக்கு விரியும் கேஜ் (இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே வைத்து உயரத்தைக் கூட்டும் சின்னக் கூண்டு) வைக்கலாமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆபரேஷன் முடிந்தது, காலுக்கு இறங்கிய வலி போய்விட்டது.

உண்மையில் உதவியது "முதலில் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள்" என்ற யோசனைதான். எலும்பு அடர்த்தி ரொம்பக் குறைவு என்று வந்தது, நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை, அதனால் தஞ்சாவூர் டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்து எலும்பை வலுவாக்கும் டெரிபாராடைடு ஊசி போடச் சொன்னார். அப்புறம்தான் டைட்டானியம் கேஜ். சுருங்கிய நிலையில் உள்ளே போவதால் நரம்பை அதிகம் ஒதுக்க வேண்டியதில்லை, வைத்தபிறகு உயர்த்துகிறார்கள். ஆனால் மெலிந்த எலும்பில் அளவு மீறி விரித்தால் கேஜ் எலும்புக்குள் அமிழ்ந்துவிடலாம், ஆகவே கொஞ்சமாகத்தான் விரித்தாராம். கூடவே எலும்புகளை அசையாமல் பிடிக்க ஸ்க்ரூ, ராடும் (கம்பி) உண்டு. இரண்டு எலும்பும் ஒன்றாகச் சேரப் பல மாதம் ஆகும், அதுவரை நடவுக்குக் குனியக்கூடாது என்றதில்தான் அம்மாவுக்குக் கோபம்.