மாறியிருக்கிறேனா, அடக்கக் கற்றிருக்கிறேனா?

ஈசூன்_மழை:
வயது 28. பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சி கட்டுக்கடங்காமல் பொங்கும், விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் ஆட்டிவைக்கும்) என்று மருத்துவர் சொல்லி இரண்டரை வருஷம் ஆகிறது. டிபிடி என்கிற, உணர்ச்சியைக் கையாளப் பழக்கும் பேச்சு சிகிச்சை ஒரு வருஷம் முடித்துவிட்டேன், வாரத்தில் ஒரு நாள் தனியாக, ஒரு நாள் குழுவாக. போன சனிக்கிழமை இங்கே சிங்கப்பூரில் தேக்காவில் சந்திப்பதாகச் சொன்ன தோழி, நான் உடுத்திக் கிளம்பி நிற்கும்போது வர முடியவில்லை என்று செய்தி அனுப்பினாள். முன்பென்றால் இருபது செய்தியாவது பறந்திருக்கும், முதலில் கெஞ்சல், அப்புறம் திட்டு, கடைசியில் பிளாக். இந்தத் தடவை "சரி, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று ஒன்றே ஒன்றுதான். அதை அனுப்பிவிட்டு கைப்பேசியை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடி, சமையலறைத் தரையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் அழுதேன். அம்மா பார்த்துவிட்டு, "நீ இன்னும் அப்படியேதான் இருக்கே" என்றார். மூன்று நாளாக அது மண்டைக்குள் ஓடுகிறது. உள்ளே அதே பயம்தானே, அப்போ எது மாறியது? இதோடு வாழ்கிறவர்கள் சொல்லுங்கள்.

தெம்பனிஸ்_அக்கா:
தங்கச்சி, எனக்குப் பதினோரு வருஷம். முதலில் மாறியது வலி இல்லைம்மா, அது தங்கும் நேரம். ஆரம்பத்தில் ஒரு சண்டை என்றால் மூன்று நாள் வேலைக்குப் போக மாட்டேன், அப்புறம் அது ஒரு நாளானது, இப்போது பெரும்பாலும் எம்ஆர்டி ரயிலில் தெம்பனிஸில் ஏறி சிட்டி ஹாலில் இறங்குவதற்குள் தணிகிறது, சில நாள் தணியாது. ஆனால் யாருமே சொல்லித்தராத ஒன்று இருக்கிறது. புயல் குறைந்த பிறகு வீடு பயங்கரமாக அமைதியாகிவிட்டது. அத்தனை வருஷம் கோபமும் அழுகையும்தான் நான் என்று இருந்தேன், அது போனதும் எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்றுகூடத் தெரியவில்லை. பழைய நாட்களுக்காக ஏங்கியிருக்கிறேன், உண்மையாகத்தான் சொல்கிறேன். உனக்கு அப்படி ஒரு வெறுமை வந்தால் பின்னால் போகிறோம் என்று நினைத்துவிடாதே.

ஜூரோங்_தம்பி:
எனக்கு இல்லை, என் அக்காவுக்கு. வீட்டில் உள்ளவர்களுக்கு மாற்றம் தெரிய ரொம்ப நாள் ஆகும், ஏனென்றால் எங்கள் காது இன்னும் பழைய சத்தத்துக்காகவே காத்திருக்கும். ஒரு நாள் அப்பாவோடு வாக்குவாதம், அக்கா எழுந்து அறைக்குள் போனாள். நாங்கள் எல்லாரும் கதவு அறையப்படும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மெதுவாகச் சாத்தினாள். அப்பா சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் எத்தனை தடவை மெதுவாகச் சாத்தினாளோ, நாங்கள் கவனிக்கவே இல்லை. உங்கள் அம்மா பார்த்தது அழுகையை, அனுப்பாத பத்தொன்பது செய்தியை அவர் எப்படிப் பார்ப்பார்?

நூலகவாசி:
எனக்கும் இதே டயக்னோசிஸ்தான். அடக்குவது வேறு, இது வேறு. அடக்கியிருந்தால் அழுகையும் வந்திருக்காது. உணர்ச்சியை வர விட்டு, அது சொன்னபடி செய்யாமல் இருப்பதைத்தானே டிபிடியில் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். அதை உருவாக்கிய மார்ஷா லினஹனே இளம் வயதில் மனநல மருத்துவமனையில் இருந்தவர், 2011-இல்தான் வெளியே சொன்னார். அமெரிக்காவில் மேரி ஜனாரினி என்ற ஆய்வாளரின் குழு இந்தக் கோளாறு உள்ள 290 பேரைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தது. 93 சதவீதம் பேருக்குக் குறைந்தது இரண்டு வருஷமாவது அறிகுறிகள் தணிந்திருந்தன, ஆனால் அதோடு வேலை, உறவு எல்லாம் சேர்ந்து அமைந்தது பாதிப் பேருக்குத்தான். அந்த இரண்டாவது பகுதியில்தான் நான் மாட்டியிருக்கிறேன், 33 வயதில் மறுபடி பகுதிநேர வேலையிலிருந்து தொடங்கியிருக்கிறேன். அப்புறம், ராத்திரி தனியாகத் தாங்க முடியாமல் போனால் 1767-ஐ அழையுங்கள், சிங்கப்பூரின் எஸ்ஓஎஸ் தற்கொலைத் தடுப்பு உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

ஈசூன்_மழை:
எல்லாருக்கும் நன்றி. தம்பி எழுதியதைப் படித்துவிட்டு, அம்மாவிடம் அந்த ஒரு செய்தியைக் காட்டினேன், போன வருஷம் அதே தோழிக்கு அனுப்பியவற்றையும் மேலே தள்ளித் தள்ளிக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய் என்று மட்டும் கேட்டார்.