ஆல்பம் இருட்டாக வருகிறது, அரக்குப் பட்டு மங்குகிறது: கோளாறு மானிட்டரிலா, லேபிலா?

கோபி ஸ்டுடியோ:
வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையத்தில் கல்யாண போட்டோ எடுக்கிறேன். இணைச்சீர், திருப்பூட்டு என்று சடங்குப் படமெல்லாம் மானிட்டரில் பளிச்சென்று இருக்கிறது, ஆல்பமாகக் கைக்கு வரும்போது முகமெல்லாம் கருத்து, பெண்ணின் அரக்குப் பட்டு பழுப்படித்துப் போய் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் சேலையையே கொண்டுவந்து படத்துக்குப் பக்கத்தில் விரித்துக் காட்டிக் கேட்கிறார்கள். 24 இன்ச் ஐபிஎஸ் மானிட்டர், பிரைட்னஸ் 100. லைட்ரூமில் எடிட் செய்து அடோபி ஆர்ஜிபி என்ற நிற அளவில் அனுப்புகிறேன். லேபில் மானிட்டரை கேலிபரேட் செய்யச் சொல்கிறார்கள், அதாவது திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து சரிசெய்ய. கண்ணால் பார்த்தே சரிசெய்ய முடியுமா, கருவி வாங்கியே ஆகணுமா?

ஈரோட்டுக்காரன்:
இருட்டு வேறு, நிறம் மாறுவது வேறுங்க.

இருட்டுக்குக் காரணம் அந்த 100. முழு பிரைட்னஸில் பல மானிட்டர்கள் சதுர மீட்டருக்கு 250 கேண்டெலா (வெளிச்சத்தை அளக்கும் அலகு), அதற்கு மேலும் வெளிச்சம் விடும். பிரிண்டுக்கு எடிட் செய்ய 80 முதல் 120 போதும். திரை தானே ஒளி விடுகிறது, காகிதம் தன்மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. அவ்வளவு வெளிச்சத்தில் நிழலில் நிற்கும் மாமன் முகம்கூடத் தெளிவாகத் தெரியும், அதனால் எக்ஸ்போஷரை ஏற்றவே தோன்றாது.

நிறத்துக்கு எனக்குச் சந்தேகம் அடோபி ஆர்ஜிபி மேல்தான். பல லேப்கள் அதைவிடக் குறுகிய நிற அளவான எஸ்ஆர்ஜிபிதான் கேட்கும். உங்கள் கோப்பில் எந்த நிற அளவு என்று சொல்லும் ப்ரொஃபைலைக் கவனிக்காமல் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொண்டால் நிறங்கள் வெளுத்துவிடும், அரக்கு மாதிரி அடர்ந்த சிவப்பில் அது நன்றாகவே தெரியும். லேபில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எஸ்ஆர்ஜிபியில் அனுப்பிப் பாருங்கள்.

கோவை பிரிண்ட்:
அவர் சொன்னது சரி, ஆனால் கருவி வேண்டும் தம்பி. கண் எந்த வெள்ளைக்கும் சீக்கிரம் பழகிவிடும், நீலம் பாய்ந்த திரையும் வெள்ளையாகவே தெரியும். ஸ்பைடர், கேலிபிரைட் மாதிரி, திரையில் வைத்து நிறத்தை அளக்கும் ஒரு கலரிமீட்டரைப் பக்கத்து ஸ்டுடியோக்காரர்களோடு சேர்ந்து வாங்கினாலும் போதும். மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, நைட் லைட், டைனமிக் கான்ட்ராஸ்ட் இரண்டையும் அணைத்துவிட்டு, வெள்ளைக்கு 6500 கெல்வின், நடு வெளிச்சங்களைத் தீர்மானிக்கும் காமா 2.2, வெளிச்சம் 100 கேண்டெலா என்று வைத்து அளவெடுங்கள்.

கோபி ஸ்டுடியோ:
நன்றிங்கண்ணா. பிரைட்னஸை இப்போதைக்கு 30க்கு இறக்கினேன். சடங்கு நடத்தும் அருமைக்காரரின் வெள்ளைத் தலைப்பாகை சாம்பலாகத் தெரிகிறதே, இதுவா சரி? திரைக்கு எதிரே ஜன்னல் இருக்கிறது.

கோவை பிரிண்ட்:
அந்த ஜன்னல்தான். திரையைத் திருப்பிப் போடுங்கள், இல்லாவிட்டால் கனத்த திரைச்சீலை மாட்டுங்கள், பளிச்சென்ற கலரில் வேண்டாம். அதுவரை கண்ணை நம்பாமல் எண்ணை நம்புங்கள்: லைட்ரூமில் தலைப்பாகையின் வெளிச்சமான மடிப்பின் மேல் கர்சரை வைத்தால் ஆர், ஜி, பி மூன்றுக்கும் சதவீதம் காட்டும். மூன்றும் 90ஐ ஒட்டி, ஏறக்குறைய சமமாக இருந்தால் வெள்ளை வெள்ளையாகத்தான் இருக்கிறது. பி மட்டும் குறைந்திருந்தால் மண்டபத்து மஞ்சள் விளக்கு துணியில் ஏறியிருக்கிறது.

அப்புறம், கேலிபரேஷன் உங்கள் திரையை மட்டும்தான் சரிசெய்யும். ஆல்பம் போடும் காகிதத்தில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் ஐசிசி ப்ரொஃபைல் கோப்பை லேபில் கேட்டு வாங்குங்கள். லைட்ரூமின் டெவலப் பக்கத்தில் எஸ் தட்டினால் சாஃப்ட் ப்ரூஃப் என்ற அச்சு முன்னோட்டம் வரும், அதில் அந்த ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் காகிதத்தில் அரக்கு எவ்வளவு தூரம் வரும் என்று அங்கேயே தெரியும். முழு ஆல்பத்தையும் அனுப்பாமல் அந்தச் சேலைப் படத்தை மட்டும் சின்னதாக ஒரு பிரிண்ட் போடச் சொல்லுங்கள், ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வந்ததைக் குண்டு பல்பின் கீழே பார்க்க வேண்டாம், பகலில் வெயில் நேராக விழாத ஜன்னலோரம் பாருங்கள்.