எஞ்சின் லைட் எரியுதுங்க, நாளைக்கு வேலைக்குப் போலாமா?

பல்லடத்துப் பொண்ணு: ஏனுங்க, ஒஹையோ வந்து மூணு மாசம் ஆச்சு. போன வாரந்தான் பழைய கார் ஒண்ணு வாங்குனோம். இன்னைக்கு டாஷ்போர்டுல எஞ்சின் படம் போட்ட லைட் எரியுது. வித்தவரு போன் எடுக்கல, ஊட்டுக்காரரு டெக்சாஸ்ல. காலைல ஏழு மணிக்கு வேலைக்குப் போகோணும். ஒரே வெசனமா இருக்குதுங்க.

கோபி அண்ணன்: மூணு மாசத்துல காரா அம்மணி? நான் 2009ல மிச்சிகன் வந்தப்ப ஒரு வருசம் பஸ்தான். பனியில நின்னு காது மரத்துப் போச்சு. பழைய வண்டின்னா மெக்கானிக்கிட்டக் காட்டிப்போட்டுத்தான் வாங்கோணும்.

பொள்ளாச்சி மாப்ளே: நின்னு எரியுதா, மின்னி மின்னி எரியுதா? அதச் சொல்லுங்க.

சூலூர்க்காரன்: எனக்கு ஒன்றரை வருசமா எரியுது. மேல கறுப்பு டேப் ஒட்டிட்டேன். வண்டி ஓடுது.

கோபி அண்ணன்: டேப்பா! மின்னுச்சுன்னா எஞ்சின்ல எரியாத பெட்ரோல் அப்படியே போயி பொகையச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டரச் சுட்டுப்போடும். மாத்தறதுக்கு ஆயிரம் டாலர் பத்தாது.

ஈரோட்டு அத்தை: ஊர்ல பட்டறைக்காரரு பானட்டத் தொறந்து காது குடுத்துக் கேட்டே சொல்லிப்போடுவாரு. இங்க கம்ப்யூட்டர மாட்டறதுக்கே தனிக் கூலி.

சூலூர்க்காரன்: அந்தக் கூலியக் கட்டிப்போட்டு, அவன் குடுக்கற கழனித்தண்ணிக் காபியவும் குடிக்கோணும்.

பல்லடத்துப் பொண்ணு: நின்னுதானுங்க எரியுது, மஞ்சளா. ஓட்டறதுல வித்தியாசமே தெரியல. ஞாயித்துக்கிழமை மொதத் தடவையா நானே பெட்ரோல் போட்டேன். அப்ப நல்லாத்தான் இருந்துச்சு.

பொள்ளாச்சி மாப்ளே: இத மொதல்லயே சொல்லக் கூடாதாக்கா! பெட்ரோல் டேங்க் மூடியப் போய்ப் பாருங்க. ஊர்ல பங்க் பையனே மூடிப்போட்டு ஒரு தட்டுத் தட்டி அனுப்புவான், நமக்கு அந்தப் பழக்கமே இல்ல. கடக்குனு சத்தம் வர்ற வரைக்கும் திருகோணும். டேங்க்லிருந்து பெட்ரோல் ஆவி கசிஞ்சாலே இந்த லைட் வரும். ரப்பர் வளையம் வெடிச்சிருந்தா புது மூடி வாங்கிக்கோங்க, பெரிய காசில்ல. இறுக்குனதும் லைட் அணையாது, சில நாள் ஓடுனாத்தான் அணையும். அப்பவும் அணையலைன்னா ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போங்க. 1996க்குப் பொறவு வந்த கார்ல ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சாக்கெட் இருக்கும். அதுல கருவிய மாட்டி, என்ன பழுதுன்னு காட்டற கோடு நம்பரப் படிப்பாங்க, பல கடைல காசு வாங்கறதில்ல. பி0455, பி0457 வந்தா ஆவிக் கசிவுதான். செவப்பா எண்ணெய்ச் சொம்பு மாதிரி லைட் வந்தா மட்டும் அங்கயே ஓரங்கட்டி எஞ்சின நிறுத்திருங்க.

ஈரோட்டு அத்தை: எங்க நியூஜெர்சில நாமளே பெட்ரோல் போடக் கூடாதுன்னு சட்டமே இருக்குது. அதனால பங்க் ஆளுதான் மூடோணும். கொடுத்து வெச்சவ நான்.

பல்லடத்துப் பொண்ணு: டார்ச் அடிச்சுப் பாத்தேனுங்க. மூடி கயித்துல தொங்கிட்டுக் கெடக்குது. ஞாயித்துக்கிழமைலிருந்து அப்படியேதான் ஓட்டிருக்கேன். இப்பத் திருகிட்டேன், மூணு தடவ கடக்குனுச்சு.

சூலூர்க்காரன்: லைட்டு?

பல்லடத்துப் பொண்ணு: எரியுதுங்க. ஏழு மணிக்கு அதோடயே கெளம்பறேன்.