மறு: கம்பியில்லா மின்சாரத்துக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

கம்பியில்லாமல் தூரத்துக்கு மின்சாரம் அனுப்புவதற்குத் தமிழில் ஒரு சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் சொன்ன 'வான்மின்' அழகான சொல்தான், ஆனால் அப்படி அனுப்ப முயன்ற கண்டுபிடிப்பாளர் நிக்கோலா டெஸ்லாவை வைத்துக் கதை எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு அது ஒத்துவராது. அவர் முக்கியமாக நம்பியது வானத்தை இல்லை, மண்ணை. 1899 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒரு இடிமழை விலகிப் போகிறது, அது தூரம் போகப்போக, மின்னலை உணரும் அவருடைய கருவியின் துடிப்பு அடங்கியே போக வேண்டும், ஆனால் அடங்குகிறது, மறுபடி எழுகிறது, மறுபடி அடங்குகிறது. பூமியில் நிலை அலைகள், அதாவது ஓடிப்போகாமல் நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும் அலைகள், உண்டாகின்றன, ஆகவே மண் வழியே மின்சாரம் அனுப்பலாம் என்று அதிலிருந்துதான் அவர் முடிவுக்கு வந்தார். எனக்குக் கதை பிடிபட்டதே இந்த இடத்தில்தான். அப்புறம் அப்படி அனுப்புவதற்காக 1901-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் அவர் கட்டத் தொடங்கிய வார்டன்கிளிஃப் கோபுரம்: ஊர் பார்த்தது மேலே நின்ற 187 அடியை, அவர் நம்பியிருந்தது கீழே தோண்டிய 120 அடிக் குழியை. அவர் எண்ணியபடி மின்சாரம் போகாது என்று இன்றைய இயற்பியல் சொல்கிறது, சரி, கதையில் போகட்டுமே.

இன்னொருவர் சொன்ன 'தொடாமின்' எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் வம்மின் (வாருங்கள்), செல்மின் (செல்லுங்கள்) என்று பழம்பாட்டு படித்த காதுக்கு அது 'தொடாதீர்கள்' என்றே கேட்கும். வினைக்குப் பின்னால் 'மின்' வந்தாலே இந்தச் சிக்கல்தான், அதனால் அதை முன்னால் வைப்போம்.

என் பரிந்துரை 'மின்பாய்ச்சல்'. வயலுக்கு நீர் பாய்ச்சுகிற அதே பாய்ச்சல். 'மின்சாரம் பாய்ந்து பலி' என்ற செய்தித் தலைப்பு நினைவுக்கு வராதா என்று கேட்பீர்கள். பாய்வது தானாக நடப்பது, பாய்ச்சுவது ஒருவர் செய்வது, அந்த வேறுபாடு தமிழ் பேசும் யாருக்கும் சொல்லாமலே புரியும். கைப்பேசிக்குக் 'கம்பியில்லா மின்னேற்றம்' இருக்கிறபடியே இருக்கட்டும்.

கதைக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டவருக்கு: டெஸ்லாவின் தன்வரலாற்றை 1919-இல் தன் இதழில் தொடராக வெளியிட்ட அமெரிக்க இதழாசிரியர் ஹியூகோ கெர்ன்ஸ்பேக்தான் 1926-இல் அறிவியல் புனைகதைக்கென்றே ஓர் இதழ் தொடங்கினார். அந்த வகைக்கு 'சயன்டிஃபிக்‌ஷன்' என்று அவரே ஒரு சொல்லும் கட்டினார். நாக்கில் புரளாத சொல், நிலைக்கவில்லை. பாத்திரம் வாயால் சொல்லிப் பார்க்கும்போதுதான் சொல்லின் பலம் தெரிகிறது.

வீட்டில் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் கருவிக்கு இன்னும் பெயர் வேண்டும். 'மின்மடை' என்று வைத்திருக்கிறேன். "மடையைத் திற, விளக்கு எரியட்டும்" என்று ஒரு பாட்டி சொல்கிறாள். பொருந்துகிறதா, சொல்லுங்கள்.