புது டாரோ கட்டு ஏற்காட்டில் வளைந்துபோகிறது, அவசர உதவி தேவை

மிளகுக்கொடி

வணக்கம். புதிதாக வாங்கிய டாரோ கட்டு (குறி சொல்லப் பயன்படும் படச் சீட்டுக் கட்டு) அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. கலைக்கவே முடியவில்லை, நான்கைந்து சீட்டு ஒன்றாக ஒட்டிக்கொண்டு வருகிறது. பெட்டியைப் பிரித்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டு விசேஷத்தில் பார்த்துச் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். அட்டை மட்டமா? இஸ்திரி போட்டால் நிமிரும் என்று தங்கை சொல்கிறாள். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

கன்னங்குறிச்சி

இஸ்திரிப் பெட்டியை முதலில் அணையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம். மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலம் சூட்டில் சுருங்கினால் எந்தக் கொம்பனாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

பூஜ்யம்

மழைக்காலம் தொடங்கினால் இந்தக் கேள்வி இங்கே தவறாமல் வந்துவிடும். பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. எந்தக் கட்டு? யார் வெளியீடு? என்ன விலை? அட்டையின் கனம் எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்)? ஓரத்தில் தங்கப்பூச்சு உண்டா? "புதிதாக வாங்கிய கட்டு" என்று மட்டும் சொன்னால் அதை விற்ற கடைக்காரரே முழிப்பார். இதில் சீட்டை வைத்து அடுத்தவருக்குப் பலன் வேறு சொல்லப்போகிறீர்கள்.

சேவாப்பேட்டை ஆஃப்செட்

அம்மா, எனக்கு விலையெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு சீட்டைப் படம் மேலே தெரியும்படி மேஜையில் வையுங்கள். ஓரம் மேலே எழும்புகிறதா, நடு எழும்புகிறதா? ஓரம் என்றால் நீளமான ஓரமா, குட்டை ஓரமா? எல்லாச் சீட்டும் ஒரே பக்கம் வளைகிறதா?

ரம்மி மாமா

எங்கள் மன்றத்தில் பேப்பர் சீட்டை ஒழித்து வெகுகாலம் ஆகிறது. முழு பிளாஸ்டிக் சீட்டு வாங்குங்கள். டீ கொட்டினாலும் துடைத்துவிட்டு அடுத்த ஆட்டம் போடலாம்.

கன்னங்குறிச்சி

மாமா, அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. இனி ஆர்டர் போட்டு, அது கொண்டை ஊசி வளைவு 20ஐயும் ஏறி எப்போது வந்து சேர?

மிளகுக்கொடி

எல்லோருக்கும் நன்றி. ஆன்லைனில் வாங்கியது. ரைடர் வெயிட் என்று பரவலாகக் கிடைக்கும் டாரோ படங்கள்தான். புத்தகம் வரவில்லை, பெட்டியில் க்யூஆர் கோடு இருக்கிறது. நீளமான ஓரம் இரண்டும் மேலே எழும்புகிறது, எல்லாச் சீட்டும் அப்படித்தான். வீடு ஏற்காட்டில் லேடீஸ் சீட் காட்சிமுனைக்குப் போகிற வழியில். இப்போது பகலெல்லாம் மூட்டம், துவைத்த துணியே காய்வதில்லை.

பூஜ்யம்

க்யூஆர் கோடு என்ற இடத்திலேயே கதை முடிந்தது. அது நகல் கட்டு. அசலில் கையேடு அச்சிட்டு வைப்பார்கள். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், வழக்கமான டாரோ அளவு ஏறக்குறைய 70க்கு 120 மில்லிமீட்டர். நகல் அடிப்பவர்கள் செலவை மிச்சம்பிடிக்க அளவைக் குறைப்பார்கள், அட்டையையும் மெலிதாக்குவார்கள். வண்ணம் மங்கி, கோடுகள் கொஞ்சம் கலங்கியும் இருக்கும், அசலை ஸ்கேன் செய்து அடிப்பதால். 1909ல் லண்டனில் வெயிட் உருவாக்கிய கட்டுக்கு இந்தக் கதி.

ஏழாவது கொண்டை ஊசி

வெயிட் உருவாக்கியது சரி, படம் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். அந்த அம்மா பெயரையும் ஒரு தடவை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

சேவாப்பேட்டை ஆஃப்செட்

நகலோ அசலோ, ஏற்காட்டு மூட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நல்ல விலை கொடுத்து வாங்கிய அசல் கட்டும் அங்கே வளையும். கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் அடிக்கிறவன் நான், எங்களுக்குத் தினமும் இதே தலைவலிதான்.

உங்கள் சீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். படப் பக்கம் லேமினேஷன் இருக்கிறது. பின்பக்கம் வெறும் வார்னிஷ், அல்லது அதுவும் இல்லை. காற்றில் ஈரம் கூடும்போது பின்பக்கத்துக் காகிதம் அதைக் குடித்து உப்புகிறது. படலம் ஒட்டிய பக்கம் உப்ப முடியாமல் அப்படியே நிற்கிறது. உப்பிய பக்கம் நிற்கிற பக்கத்தைத் தள்ளுவதால் சீட்டு படத்தை உள்ளே வைத்து வளைகிறது. ஓரம் எழும்புகிறதா என்று கேட்டது அதற்குத்தான். நடு எழும்பியிருந்தால் வேறு வைத்தியம்.

நீளமான ஓரம் எழும்புவதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. காகிதத்தில் நார் ஓடும் திசையை நாங்கள் கிரெய்ன் என்போம். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அவ்வளவாக வளராது, பருமனில்தான் ஊதும். உங்கள் சீட்டில் நார் நீளவாக்கில் ஓடுகிறது, அதனால் அகலவாக்கில் வளைகிறது. இது ஒழுங்கான வெட்டுதான்.

ஏற்காடு சேலத்தைவிட ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். மூட்டம் வீட்டுக்குள் வருகிறது என்றால் காற்று அதற்குமேல் ஈரம் தாங்காத நிலை. அச்சு ஆபீசில் ஈரப்பதம் 50, 55 சதவீதத்தில் நின்றால்தான் எங்களுக்கு நிம்மதி. சிவகாசியில் அச்சுத் தொழில் அப்படி வேரூன்றியதற்கு அந்த ஊரின் வறண்ட காற்றும் ஒரு காரணம்.

இனி வைத்தியம். காற்றுப் புகாத டப்பா ஒன்று எடுங்கள். கட்டை அப்படியே இறுக்கமாக வைத்தால் நடுச்சீட்டு காயாது. சிறு சிறு அடுக்காகப் பிரித்துச் சாய்த்து வையுங்கள், கூடவே சிலிகா ஜெல். வளைவு பாதி குறைந்ததும் எடுத்து, ஒழுங்காக அடுக்கி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள். பாரத்தை முதலில் ஏற்றினால் ஈரத்தைத்தான் பூட்டி வைப்பீர்கள், எடுத்ததும் மறுபடி வளையும். வெயில், ஹேர் டிரையர், அடுப்படி எதுவும் வேண்டாம். ரொம்பக் காய்ந்தால் எதிர்ப்பக்கம் வளைந்து, ஓரம் உதிர ஆரம்பிக்கும்.

வெண்பூசணி

சிலிகா ஜெல்லுக்கு எங்கே போவது? அரிசி போதாதா? கல் உப்பில் வைத்தால் ஈரமும் போகும், கட்டில் ஒட்டியிருக்கும் கெட்ட அதிர்வும் போகும்.

சேவாப்பேட்டை ஆஃப்செட்

அரிசி ஈரம் இழுக்கும், ஆனால் மெதுவாக. தவிட்டுத் தூசும் ஒட்டும். உப்பு இந்த விஷயத்தில் எதிரி. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே கசிந்து தண்ணீர் விடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசப்பதை எல்லோரும் பார்த்ததுதானே.

புது ஷூ, மருந்து டப்பாவில் வரும் பொட்டலம் வேண்டாம். ஏற்காட்டில் திறந்து கிடந்தது என்றால் அது ஏற்கெனவே வயிறு நிறையக் குடித்திருக்கும். புதிதாக, உறை பிரிக்காததாக வாங்குங்கள். நிறம் மாறும் மணி கிடைத்தால் நல்லது, ஆரஞ்சு நிறம் பச்சையானால் மாற்ற வேண்டிய நேரம். நீல மணியில் கோபால்ட் உப்பு இருக்கும், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், காயவைக்கிறேன் என்று சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்காதீர்கள்.

மிளகுக்கொடி

அண்ணா, டப்பாவில் முதலிலிருந்தே கல் உப்பு போட்டுத்தான் வைத்திருக்கிறேன். கட்டு வாங்கியதும் அப்படி வைக்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உப்பு ஈரமாகிக்கொண்டே இருந்தது, மாற்றிக்கொண்டே இருந்தேன். எடுத்துவிடட்டுமா?

கன்னங்குறிச்சி

😂 இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே அக்கா.

சேவாப்பேட்டை ஆஃப்செட்

இப்போதே எடுங்கள். டப்பாவையும் துடைத்துக் காயவையுங்கள்.

வெண்பூசணி

உப்பு வேண்டாம் என்றால் சாம்பிராணிப் புகையாவது காட்டுங்கள். சூடும் கிடைக்கும், சுத்தியும் ஆகும்.

ஏழாவது கொண்டை ஊசி

சாம்பிராணி என்பது பிசின். புகையோடு பிசினும் போய்ச் சீட்டில் படியும். ஏற்கெனவே ஒட்டுகிறது என்று அழுகிறவருக்கு இதையா சொல்வது? வேண்டுமானால் அறைக்குக் காட்டுங்கள், கட்டுக்கு வேண்டாம்.

சீட்டு ஒட்டுவதற்கு ஈரம் பாதி, கை எண்ணெய் பாதி. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு சீட்டைத் தொடாதீர்கள். காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொன்றாகத் துடையுங்கள். டால்கம் பவுடர் போடச் சிலர் சொல்வார்கள், பளபளப்பில்லாத மேட் பரப்பில் அது வெள்ளையாகத் திட்டுத்திட்டாக நிற்கும். மேஜிக் செய்கிறவர்கள் சீட்டு வழுக்கப் பூசுவது ஜிங்க் ஸ்டியரேட் என்ற பொடி, அதுவும் மூச்சில் போனால் நல்லதல்ல.

ரம்மி மாமா

கலைக்கிற விதமும் முக்கியம் பாப்பா. கட்டை இரண்டாகப் பிரித்து, மூலையை வளைத்து, சர்ரென்று ஒன்றோடொன்று விடுவார்களே, அந்த ரிஃபிள் முறையில் எல்லாம் நேராகிவிடும். எதிர்ப்பக்கம் வளைத்து விடு.

பூஜ்யம்

டாரோ கட்டை ரிஃபிள் செய்வதா? சீட்டாட்ட மேஜை என்று நினைத்தீர்களா? கட்டுக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது.

ரம்மி மாமா

தம்பி, டாரோவே முதலில் சீட்டாட்டம்தான். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடுவதற்காக வந்த கட்டு. பிரான்சில் இன்றைக்கும் 78 சீட்டையும் வைத்துத் துருப்பு ஆட்டம் ஆடுகிறார்கள். அதில் குறி சொல்வது பரவியதெல்லாம் 18ஆம் நூற்றாண்டில். மரியாதை கேட்டால் எங்கள் மேஜைக்குத்தான் முதல் மரியாதை.

பூஜ்யம்

தொடக்கம் எதுவாக இருந்தால் என்ன? பட்டாசில் போட்ட வெடிமருந்தை வைத்துப் பிற்பாடு மலையையே குடைந்தார்கள். பயன் மாறினால் பழக்கமும் மாறத்தான் வேண்டும்.

வெண்பூசணி

அதற்கு நம் ஊர்க் கிளி ஜோசியமே மேல். லேமினேஷனும் கிடையாது, ஜிஎஸ்எம்மும் கிடையாது. கிளி கொத்தி இழுத்தும் அந்தச் சீட்டு வருஷக்கணக்கில் தாங்கியது. சேலம் டவுனில் கடைவீதிப் பக்கம் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

கன்னங்குறிச்சி

சீட்டு தாங்கியது, கிளி தாங்கியதா? நம் ஊர்க் கிளியைக் கூண்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இறக்கையை வெட்டிவிட்ட கிளி சீட்டை இழுப்பதை ரசிக்க முடியாது.

வெண்பூசணி

நான் சீட்டைச் சொன்னேன், கிளியைச் சொல்லவில்லை.

ரம்மி மாமா

கிளி கலைப்பதில்லை, அதனால்தான் சீட்டு தேயவில்லை.

ஏழாவது கொண்டை ஊசி

எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வழி சொல்கிறேன். வளைந்த சீட்டை ரிஃபிள் செய்தால் லேமினேஷன் மடிப்பில் வெள்ளைக் கோடு விழும், மாமா சொன்னதைக் கேட்காதீர்கள். கையில் வைத்தும் கலைக்க வேண்டாம். கெட்டியான துணி விரித்து, எல்லாச் சீட்டையும் படம் கீழே இருக்கும்படி பரப்பி, இரண்டு கையாலும் துழாவுங்கள். வளைவும் தடுக்காது, ஒட்டியதும் பிரிந்துவிடும். வந்தவரையே துழாவச் சொன்னால் அவருக்கும் பிடிக்கும். தலைகீழாக விழும் சீட்டுக்குப் பலன் சொல்வீர்களானால் இதில் அது கூடுதலாகவே வரும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பூஜ்யம்

முதல்முறையாக உருப்படியான யோசனை. மேலும் ஒன்று: இனி வாங்கும்போது ஒரு சீட்டுக்குப் பின்னால் போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். நடுவில் கறுப்புப் பசை வைத்து இரண்டு தாளை ஒட்டிய அட்டையில் வெளிச்சம் கசியாது. அந்தப் பசை இல்லாத சாதா ஆர்ட் கார்டு அட்டையில் கசியும். 350 ஜிஎஸ்எம் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள்.

சேவாப்பேட்டை ஆஃப்செட்

பூஜ்யம் சார் சொல்வது சரி, ஆனால் கறுப்புப் பசை வைத்த அட்டையும் ஈரத்தில் வளையும். கனமான அட்டை வளைந்தால் நிமிர்த்துவதும் கஷ்டம். மேலே குடியிருப்பவர் வாங்கும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பூச்சு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். தலைப்பு அச்சிட்ட உபரிச் சீட்டு ஒன்று கட்டோடு வரும், அதில் முன்னும் பின்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் ஊறுகிறதோ அந்தப் பக்கம்தான் வினை.

மிளகுக்கொடி

பின்பக்கம்தான் ஊறியது. கீழே சேலம் போனபோது சிலிகா ஜெல் வாங்கிவந்தேன். பெரும்பாலும் நிமிர்ந்துவிட்டது, மூலை மட்டும் லேசாக இருக்கிறது. துழாவித்தான் கலைத்தோம், எல்லோருக்கும் பிடித்தது. நன்றி அண்ணா, நன்றி எல்லோருக்கும்.

பூஜ்யம்

அளவு என்ன வந்தது? 70க்கு 120ஆ?

அம்மாபேட்டை தறி

இழையின் நடுவே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை. சேலத்தில் மொட்டை மாடிக்குக் கீழ் அறை. சித்திரையில் வாங்கிய கட்டு, படம் மேலே வைத்தால் நடு உப்பிக்கொண்டு நிற்கிறது. இதற்கும் சிலிகா ஜெல்லா?

சேவாப்பேட்டை ஆஃப்செட்

ஐயோ வேண்டாம். உங்களுடையது காய்ந்து சுருங்கியது. கட்டைப் பிரித்து, தரைத்தளத்து அறையில் ஃபேன் காற்று நேராகப் படாத இடத்தில் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு, அப்புறம் பாரம் ஏற்றுங்கள். பின்பக்கம் லேமினேஷன் இருக்கிறதா என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள். எந்தக் கட்டு என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பூஜ்யம் சார் கேட்பார்.