புதுப்பிப்பு: கணக்கு அலுவலகத்துக்கான வண்ணத் தேர்வு, முடிவானது அடர்பச்சை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தொடங்கும் என் கணக்கு அலுவலகத்தின் பெயர்ப்பலகைக்கும் கைபேசியில் அனுப்பும் அறிமுகத் தாளுக்கும் எந்த வண்ணங்கள் பொருந்தும் என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். விடை தந்த அனைவருக்கும் நன்றி.

எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளி மாறுபாட்டை முதலில் அளக்கச் சொன்ன நண்பரின் யோசனையே கைகொடுத்தது. பார்வைக் குறைவு போன்ற குறைபாடு உள்ளவர்களும் இணையப் பக்கங்களைப் பயன்படுத்த உதவும் இணைய அணுகுதன்மை வழிகாட்டி, சிறிய எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 மாறுபாடு வேண்டும் என்கிறது. நான் மிகவும் விரும்பியிருந்த ஆரஞ்சுப் பின்புலத்தில் வெள்ளை எழுத்து 2:1-ஐக்கூட எட்டவில்லை. அடர்பச்சையில் (திரை வண்ணக் குறியீடு 006400) 7.4:1 கிடைத்தது. ஆகவே, இன்னொருவர் கூறிய 60–30–10 பங்கீட்டின்படி (முதன்மை வண்ணம் 60%, துணை வண்ணம் 30%, எடுத்துக்காட்டும் வண்ணம் 10%) வெள்ளையை அடிப்படையாகவும் பச்சையைத் தலைப்புகளுக்கும் வைத்து, ஆரஞ்சைக் கோடுகளோடு நிறுத்திக்கொண்டேன். தோட்டத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற அப்பா அந்தத் தாளைக் கண்ணாடியில்லாமலே படித்துக் காட்டியது எனக்குப் பெரும் நிறைவு.

எதிர்பாராதது அச்சில் நேர்ந்தது. திரை வண்ணத்தை ஒளியால் காட்டுகிறது, அச்சோ நான்கு மைகளின் கலவையால் காட்டுகிறது என்பதால், ஆரஞ்சு மங்கலாக வந்தது. கோப்பை அச்சு மைக்குரிய வண்ண முறைக்கு மாற்றி, ஒரு மாதிரித் தாளைப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பின்னரே மீதியை அச்சிடக் கொடுத்தேன்.