புதுப்பிப்பு: காலைக் குளிரில் தயங்கும் பழைய ஆட்டோமேட்டிக் கார்

ஓசூரில் விடியற்காலை வண்டியை எடுத்தால், டி-யில் (டிரைவ்) போட்ட பிறகும் நின்று யோசித்துத்தான் நகர்கிறது, கியரும் தாமதமாக மாறுகிறது, சூளகிரி வருவதற்குள் எல்லாம் சரியாகிவிடுகிறது, கியர்பாக்ஸ் போய்விட்டதா என்று கேட்டிருந்தேன். போகவில்லை.

கிருஷ்ணகிரியில் மெக்கானிக் அண்ணன் ஒருவர் பார்த்தார். கியர் தாமதமாக மாறுவது கோளாறே இல்லையாம். கியர்பாக்ஸ் ஆயில் சூடாகும்வரை டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் பகுதி) லாக் ஆகாது, அதாவது இரண்டும் நேரடியாகப் பிணையாது, மேல் கியரையும் கணினி தள்ளிப்போடும். ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) கூடுதலாகத் தெரிவது அதனால்தான்.

டி-யில் போட்டதும் வந்த தயக்கம் வேறு கதை. கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டின் சீலில் (பேன் கேஸ்கெட்) கசிந்து ஆயில் குறைந்திருந்தது. குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும், வயதான ரப்பர் சீல்களும் இறுகியிருக்கும். அளவும் குறைந்தால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச்சைப் பிடிக்கத் தேவையான அழுத்தம் மெதுவாகத்தான் ஏறும். கேஸ்கெட்டும் ஆயிலும் மாற்றியாயிற்று. தயக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை.

நின்ற இடத்திலேயே ஓடவிட்டுச் சூடாக்கச் சொன்னவர்களுக்கு: இன்ஜின் சூடாகிறது, கியர்பாக்ஸ் அவ்வளவாக இல்லை. மிதமாக ஓட்டினால்தான் சீக்கிரம் சூடாகிறது. அப்புறம், எங்கள் வண்டியில் கியர்பாக்ஸ் ஆயில் அளவை இன்ஜின் ஓடும்போதே, சூடாக இருக்கையில்தான் பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எப்படி என்று மேனுவலைப் பாருங்கள்.